உப்பு வாரண்டியில் வராது

விடியற்காலை மூன்று பத்துக்கு
காசிமேட்டு ஐஸ் பிளான்ட்டிலிருந்து லூர்துசாமி.
"மேடம், பில் மிஷின் மூணும் செத்துப்போச்சு."
குரலுக்குப் பின்னால் லாரி ஹாரன்,
சறுக்குப் பலகையில் ஐஸ் பார் இறங்கும் உறுமல்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் எட்டு நிமிடம்.
விசிட்டிங் கார்டில் கம்பெனி பெரியதுதான்:
ஆலோசனை, ஒருங்கிணைப்பு, பராமரிப்பு.
ஆள் இரண்டு.
நானும், பத்து மணிக்கு வரும் ஜெனிட்டாவும்.

மிஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
சுவரில் இருந்த சுவிட்சைத் திறந்தேன்.
போர்ட்டுக்குப் போர்ட் பச்சை.
செம்போடு கூடப்பிறந்தது களிம்பு என்று
கோயில் பிரசங்கத்தில் ஆணவத்தைச் சொல்வார்கள்.
இந்தக் களிம்புக்கு வயது பதினான்கு மாதம்.

படகுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.
ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து
உட்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
டிஜிட்டல் மாற்றத்துக்கு நான் கொடுத்த பிரசென்டேஷனில்
இந்த ஸ்லைடு இல்லை.
இருநூற்றுப் பதினேழு பார்
அப்படித்தான் அன்று கடலுக்குப் போனது.

பத்து மணிக்கு வெண்டரின் ஹெல்ப்லைன்.
என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று
பதினொன்றே கால் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
பிறகு ஒரு பையன் கேட்டான்:
"லொகேஷன்லேர்ந்து கடல் எவ்வளவு தூரம் மேடம்?"
"இன்னிக்கா, பௌர்ணமிக்கா?" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. நான்காம் பக்கத்தைப் படித்தான்:
அரிக்கும் சூழலில் வைத்த பொருளுக்கு வாரண்டி இல்லை.

எண்ணூர்ச் சாம்பல், மணலி வாடை,
கொடி உலர்த்தும் துணியில் நிலக்கரிப் பொடி,
இந்த உப்பு.
நான்காம் பக்கத்தை எழுதியவன்
எங்கள் பின்கோடுகளை மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு
எழுதியிருக்கிறான்.

மாலை ஜெனிட்டா சொன்னாள்:
"டிக்கெட்டை மூடிட்டாங்க மேடம்.
தீர்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கு."

ஏழு மணிக்கு, பிரியாணிக் கடை கவரில் சுற்றி
ஒரு டெமோ சுவிட்சோடு வந்தான் நவ்ஃபல்,
டிஸ்ட்ரிபியூட்டர் ஆள், மண்ணடிக்காரன்.
"செலான் வேணாம். யாருக்கும் தெரிய வேணாம்.
மார்ச்சுக்குள்ள ரெண்டு ஃபயர்வால் மட்டும் எடுங்கக்கா,
டார்கெட் இடிக்குது."
அவன் சட்டைக் காலரும் வியர்வையில்
உப்புக் கோடு போட்டிருந்தது.

லூர்துசாமிக்கு ஃபயர்வால் எதற்கு?
அவர் பாஸ்வேர்டு அவர் மகள் பெயர்,
அது காசிமேட்டுக்கே தெரியும்.
ஒரு நிமிடம், சத்தியமாக ஒரு நிமிடம்,
அதையே காரணமாக்கி
கொட்டேஷன் ஒன்றை மனதுக்குள் டைப் அடித்தேன்.
எல்லாம் சரியாகவே வந்தது.
பயமுறுத்தத் தெரியாதவர்கள்
இந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

நவ்ஃபலுக்கு டீ சொன்னேன்.
சுவிட்சுக்கு விலை கேட்டேன்.
ஆறாயிரத்து நானூறு, அங்கேயே அனுப்பினேன்.
ஃபோனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.
இனி முப்பது நாள் கடன் கிடைக்குமா தெரியாது.

மறுநாள் ரப்பர் விளிம்பு வைத்த பெட்டி வாங்கி,
சிலிக்கா ஜெல் போட்டு,
சுவிட்சை மாடி அறைக்கு ஏற்றினேன்.
பில்லைப் பிடித்துக்கொண்டு லூர்துசாமி
பனி வழுக்கும் தரையில் நின்றார்.
"உப்புக்காத்துக்குப் பெட்டியா? அதுக்குப் பதினெட்டு சதவீதமா?"
பக்கத்துத் தொட்டியைத் திறந்து காட்டினார்.
உப்புத்தண்ணீரில் வரிசையாக அமிழ்ந்திருந்தன
ஐஸ் உறையும் டின்கள்.
"இது இல்லாம ஐஸே இல்ல மேடம்.
உப்புதான் எனக்குச் சோறு."

பெட்டிக்காசில் இருநூறு குறைத்தார்.
சுவிட்சுக்காசு அடுத்த மாதம் என்றார்.
கிளம்பும்போது ஒரு கவர் வஞ்சிரம் கொடுத்தார்,
மேலே ஐஸ்.

மேம்பாலத்தில் பையிலிருந்து
சொட்டிக்கொண்டே வந்தது.
ஃபோன் அடித்தது. நவ்ஃபல்.
வண்டியை ஓரங்கட்டவில்லை.